'டிபரன்ட்' என்று நினைத்தேன்!

நான் பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவள். மகளை ஐந்தாவது முடித்ததும் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றினோம். இப்போது ஏழாவது படிக்கிறாள். காலாண்டு ரேங்க் கார்டில், மார்க்குக்குக் கீழே, 'இன்டிபரன்ட்' என்று டீச்சர் எழுதியிருந்தார். 'டிபரன்ட்' எனக்குத் தெரியும். நம் பெண் தனி ரகம் என்று பாராட்டியிருக்கிறார் என நினைத்து, தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன்.

பக்கத்து வீட்டுப் பெண், 2021-ல் 'இல்லம் தேடிக் கல்வி'யில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள். கார்டைப் பார்த்துத் தயங்கி, "அக்கா, அதுக்கு அக்கறையில்லாதவள்னு அர்த்தம்" என்றாள். லிப்கோ டிக்ஷனரியையும் காட்டினாள். எனக்கு முகமே செத்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மகளை அடித்துவிட்டேன்.

"பாடம் புரியலைம்மா. கேட்டா சிரிப்பாங்கன்னு பேசாம இருந்தேன்" என்று தேம்பினாள். அடித்த கை இன்னும் உறுத்துகிறது.

மறுநாள் டீச்சரிடம் சொன்னேன். "நான்தான் தப்பா எடுத்துக்கிட்டேன்மா" என்றவர், அதை அடித்துவிட்டு 'டிபிடன்ட்' என்று எழுதினார். தன் மேல் நம்பிக்கையில்லாமல் கூச்சப்படுகிறவள் என்று அர்த்தமாம். என் காதுக்கு மூன்றும் ஒன்றுதான்!

இப்போது காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நானும் அவளும் இந்த மாதிரி வார்த்தைகளை எழுதி வருகிறோம். 'அட்டென்டிவ்' என்றால் கவனித்துக் கேட்பவள். 'டிலிஜன்ட்', விடாமல் உழைப்பவள். 'க்யூரியஸ்', கேள்வி கேட்டுத் துளைப்பவள். அது நான்தானாம்! அரையாண்டுக் கார்டில் டிக்ஷனரி பார்த்த பிறகே கையெழுத்து.

- ஒரு வாசகி, காத்திவாக்கம்.