பிறந்த ஊர் தெரிந்தால் விலை தெரியுமா?

புளியங்குடி, கடையநல்லூர் பக்கத்துப் பழைய வீட்டு டிரங்குப் பெட்டிகளில் இரண்டு அரசுகளின் காசுகள் கலந்து கிடக்க வாய்ப்புண்டு. அருகிலுள்ள செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரோடும், பின்னர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர். இந்தப் பக்கம் பிரிட்டிஷ் ரூபாய், அந்தப் பக்கம் சக்கரம், பணம் என்ற காசுகள். பிரிட்டிஷ் ரூபாய் ஒன்றுக்கு இருபத்தெட்டரைச் சக்கரம் என்பது அன்றைய கணக்கு. அப்படிக் கிடைக்கும் திருவிதாங்கூர் அரை ரூபாயில் 1116 என்று ஆண்டு இருந்தால், சோழர் காலத்துக் காசு கையில் இருப்பதாகத் தோன்றிவிடும். அது கொல்லம் ஆண்டு. 825-ஐக் கூட்டினால் 1941 வரும். நெல்லைச் சீமையின் பழைய பத்திரங்களில் இதே கணக்கைப் பார்த்துப் பழகியவர்கள்கூடக் காசில் பார்க்கும்போது அதை மறந்துவிடுகிறார்கள். காசின் மேல் உள்ள எண்ணும் குறியும் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்வதில்லை என்பதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பழைய நாணயங்களின் விலை பற்றிய வதந்திகள் இத்தனை வேகமாகப் பரவுகின்றன.

இன்றைய நாணயங்களில் ஆண்டுக்குக் கீழே பார்த்தால் பெரும்பாலும் எந்த அக்கசாலையில் அடித்தது என்று சொல்லும் ஒரு சின்ன அடையாளம் இருக்கும். வைர வடிவம் என்றால் மும்பை, ஐந்துமுனை நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வட்டப்புள்ளி என்றால் 1988-இல் காசடிக்கத் தொடங்கிய நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. குறி இல்லாததைப் ‘பிழைக் காசு’ என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் ‘பிழை’ கோடிக்கணக்கில் புழங்குகிறது. அதற்காகக் குறி வெறும் அலங்காரம் என்றும் சொல்லிவிட முடியாது. ஆற்காட்டு ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் அடித்தாலும், பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் அடித்தாலும் பாரசீக எழுத்தில் பொறித்த ஊர்ப்பெயர் ஆற்காடுதான். சென்னைக் காசிலோ ஹிஜ்ரி 1172 என்ற ஆண்டு பல பத்தாண்டுகள் மாறவே இல்லை. காசில் எழுதிய ஊரும் நம்பத்தக்கதல்ல, ஆண்டும் நம்பத்தக்கதல்ல. தாமரை இருந்தால் சென்னை, பிறை இருந்தால் புதுச்சேரி என்று பிரித்துக் காட்டுவது அந்தச் சின்னக் குறிதான். வரலாற்றுக்கு அது பெரிய சான்று.

ஆனால் பிறந்த இடத்தைச் சொல்லும் சான்று விலையையும் சொல்லிவிடாது. இன்று எத்தனை காசுகள் மிஞ்சியிருக்கின்றன, எந்த நிலையில் இருக்கின்றன, எத்தனை பேருக்கு அவை வேண்டும் என்பதை வைத்தே விலை அமைகிறது. லாகூர் அக்கசாலை ‘எல்’ குறியோடு அடித்த 1944, 1945-ஆம் ஆண்டு ரூபாய்கள் கேட்கும்போது அபூர்வமாகத் தோன்றும். போர்க்காலத் தேவைக்காக ஏராளமாக அடித்ததால் அவை இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன. ராஜராஜன் பெயர் பொறித்த செப்புக்காசு ஆயிரம் வயதானது, ஆனாலும் சாதாரண நிலையில் உள்ளது சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. அதற்கு நேர்மாறாக, நூறு வயதுகூட ஆகாத 1939-ஆம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் ரூபாய் லட்சங்களில் ஏலம் போகிறது. போர் தொடங்கியதும் வெள்ளி பதுக்கப்படும் என்று அஞ்சி அதைப் புழக்கத்துக்கு விடவில்லை, தப்பி வெளியே வந்தவை மிகச் சில.

ஒரே ஆண்டில் ஓர் அக்கசாலையின் காசு மலிவாகவும் இன்னோர் அக்கசாலையின் காசு பல மடங்கு விலையோடும் பட்டியல்களில் இருக்கிறதே, அப்படியானால் குறிதானே விலையைத் தீர்மானிக்கிறது என்று சேகரிப்பாளர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த ஆண்டில் அந்த அக்கசாலை குறைவாக அடித்தது, அல்லது அடித்தது உருக்கப்பட்டது என்பதே அதற்குக் காரணம். குறியை ஆண்டோடும் உலோகத்தோடும் சேர்த்துப் படித்தால்தான் பொருள் கிடைக்கும். இணையத்தில் ஒருவர் கேட்கும் தொகை விலையே ஆகாது. ஏலத்தில் ஒருவர் கொடுத்த தொகைதான் விலை. பழைய காசுகளை வாங்குவதாக ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

உலோகத்தைச் சோதிக்க ஆய்வகம் தேவையில்லை, நகைக்கடைத் தராசு போதும். 1939 வரையிலான ரூபாயின் எடை 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940 முதல் எடை அதேதான், வெள்ளி மட்டும் பாதியானது. தராசில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து, அளவைச் சுழியமாக்கி, காசை நூலில் கட்டி அடியில் படாமல் மூழ்கவிட்டால், தராசு காட்டும் கிராம் எண்தான் காசின் கன அளவு. பழைய வெள்ளியில் அது சுமார் 1.13, பாதி வெள்ளியில் 1.22, செம்பும் நிக்கலும் கலந்த போலியில் 1.31. தேய்ந்த காசானால் எடையைக் கன அளவால் வகுத்து அடர்த்தியை ஒப்பிடலாம். ஆனால் 1938-இன் கடைசி எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கிய மோசடியைத் தண்ணீர் காட்டாது. அதற்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வேண்டும். அச்சு அழுத்தும்போது உலோகம் மையத்திலிருந்து விளிம்பு நோக்கி வழிந்து நுண்ணிய கோடுகளை உண்டாக்கும். சுரண்டிய எண்ணைச் சுற்றி அந்தக் கோடுகள் அறுந்திருக்கும்.

புதுக்காசின் மினுமினுப்புக்கும் அந்தக் கோடுகளே காரணம். எலுமிச்சைச் சந்தைக்குப் பேர்போன புளியங்குடியில், கறுத்த காசைக் கண்டதும் கை பழத்தைத்தான் தேடும். வெள்ளியின் கறுப்பு பெரும்பாலும் காற்றிலுள்ள கந்தகத்தால் வந்த மெல்லிய படலம், அது காசைத் தின்பதில்லை. எலுமிச்சையும் புளியும் போட்டுத் தேய்த்தால் அமிலம் கலவையிலுள்ள செம்பை மேற்பரப்பிலிருந்து கரைக்கும், தேய்ப்பு அந்தக் கோடுகளை மழித்துவிடும். காசு பளபளக்கும், ஆனால் விவரம் தெரிந்தவர் அதன் மதிப்பைப் பெரிதும் குறைத்துவிடுவார். இழந்த மேற்பரப்பை எந்த முறையாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. வீட்டுப் பெட்டியில் இல்லாமல் மண்ணில் புதையலாகக் கிடைத்த காசுகள் என்றால் தேய்ப்பதும் விற்பதும் இருக்கட்டும், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி முதலில் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.