திரையில் தெரியும் பணமும் கைக்கு வரும் பணமும்

அந்தக் காலத்தில் நம் வட்டாரங்களில் சீட்டுப் பிடிப்பது சர்வசாதாரணம். மாதம் தவறாமல் சீட்டுக் கட்டி மகள் திருமணத்தை நடத்தியவர்கள் உண்டு. சீட்டுப் பிடித்தவர் ஓரிரவில் தலைமறைவாகிவிட, தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்களும் உண்டு. ஆனால் அப்போது ஏமாற்றியவர் யார் என்பதாவது தெரியும். அவர் வீடு எந்தத் தெருவில் இருந்தது என்பதும் தெரியும். இன்று வந்திருக்கும் ஏமாற்று வேலைக்கு முகமும் இல்லை, முகவரியும் இல்லை. கிரிப்டோ நாணயம் என்ற பெயரில் நடக்கும் மோசடிகளைத்தான் சொல்கிறோம்.

சிங்கப்பூரில் மத்திய சேமநிதியிலும் மலேசியாவில் ஊழியர் சேமநிதியிலும் 55 வயதானதும் பணம் எடுக்க வழி இருக்கிறது. வாழ்நாள் உழைப்பின் பலனை முதன்முறையாகக் கையில் பார்க்கும் வயது அது. ஆகவே இளைஞர்கள் மட்டுமின்றிப் பெரியவர்களும் இதைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

கிரிப்டோ நாணயம் என்றால் என்ன?

2008ஆம் ஆண்டு சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவரோ ஒரு குழுவினரோ வெளியிட்ட கட்டுரையிலிருந்து பிறந்தது பிட்காயின். 2009 ஜனவரியில் அது இயங்கத் தொடங்கியது. இதில் அச்சடித்த நோட்டோ வார்த்த காசோ கிடையாது. யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார்கள் என்பதை உலகெங்கும் உள்ள கணினிகள் ஒரே கணக்குப் பேரேட்டில் பதிந்து வைக்கின்றன. இந்தப் பேரேட்டுக்கு பிளாக்செயின் என்று பெயர்.

இந்த ஏற்பாட்டில் நாம் கவனிக்க வேண்டிய ஓர் அம்சம் உண்டு. வங்கியில் தவறாகப் பணம் அனுப்பிவிட்டால், ஓடிப்போய் மேலாளரிடம் முறையிடலாம். இங்கே மேலாளர் இல்லை. அனுப்பியது அனுப்பியதுதான், பெற்றவர் மனம் வைத்தாலன்றித் திரும்பி வராது. மோசடிக்காரர்களுக்கு இது மிகவும் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

கிரிப்டோ நாணயம் முழுவதுமே மோசடி என்று சொல்வது சரியாகாது. ஆனால் அதன் பெயரைச் சொல்லி ஏமாற்றுவது எளிது என்பது உண்மை.

வலை விரிக்கும் விதம்

ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்வோம். ஒரு நாள் அவருடைய வாட்ஸ்அப்பில் அறியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வருகிறது. எண் மாறிவிட்டது என்று மன்னிப்புக் கேட்கும் அந்த நபர், மறுநாளும் வணக்கம் சொல்கிறார். சாப்பிட்டீர்களா, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறார். மூன்று வாரம் வரை பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. பிறகு ஒரு நாள், தன் மாமா சொல்லித்தந்த கிரிப்டோ முதலீட்டில் நல்ல லாபம் வந்ததாகப் பேச்சுவாக்கில் சொல்கிறார். ஓர் இணைப்பையும் அனுப்புகிறார்.

நம்மவர் 500 வெள்ளி போடுகிறார். நான்கு நாளில் திரையில் 620 வெள்ளி தெரிகிறது. "நம்பிக்கை இல்லையென்றால் 100 வெள்ளி எடுத்துப் பாருங்கள்" என்கிறார் நண்பர். எடுக்கிறார், பணம் வங்கிக் கணக்குக்கு வந்துவிடுகிறது. சந்தேகம் பறந்துபோகிறது. சேமநிதியிலிருந்து 40,000 வெள்ளியைப் போடுகிறார். திரையில் அது 110,000 ஆக வளர்கிறது. பேரப்பிள்ளையின் படிப்புக்கு எடுக்கலாம் என்று போனால், முதலில் 11,000 வெள்ளி வரி கட்ட வேண்டும் என்று பதில் வருகிறது. கடன் வாங்கிக் கட்டுகிறார். அடுத்து 'பாதுகாப்பு வைப்புத்தொகை' கேட்கிறார்கள். அதன்பிறகு நண்பரையும் காணோம், செயலியையும் காணோம்.

இதில் நடந்தது என்ன? முதலீடு என்ற ஒன்று நடக்கவே இல்லை. அந்தச் செயலியே மோசடிக்காரர்கள் தயாரித்தது. திரையில் வளர்ந்த எண்கள் அவர்கள் விருப்பப்படி எழுதியவை. முதலில் திரும்பி வந்த 100 வெள்ளி தூண்டிலில் மாட்டிய புழு. ஆகவே 'ஒருமுறை பணம் எடுத்துவிட்டேன்' என்பது எதற்கும் அத்தாட்சி ஆகாது.

வரி கேட்டபோது நம்மவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: "என் கணக்கில்தான் 110,000 இருக்கிறதே, அதிலிருந்தே கழித்துக்கொள்ளுங்களேன்?" இல்லாத பணத்திலிருந்து எப்படிக் கழிப்பார்கள்? அதோடு, சிங்கப்பூரில் மூலதன ஆதாய வரி என்ற ஒன்றே கிடையாது.

பழைய கதை, புதிய பெயர்

இந்தத் தந்திரம் புதிதன்று. 1920ஆம் ஆண்டு அமெரிக்காவின் போஸ்டன் நகரில் சார்ல்ஸ் போன்ஸி என்பவர், 45 நாளில் 50 விழுக்காடு லாபம் தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டினார். பின்னால் வந்தவர்களின் பணத்தை எடுத்து முன்னால் வந்தவர்களுக்குக் கொடுத்தார். சில மாதங்களில் எல்லாம் சரிந்தது.

2014இல் பல்கேரியாவில் தொடங்கிய 'ஒன்காயின்' அதே கதைதான். ஆள் சேர்த்தால் தரகு என்று சொல்லி, நண்பர்கள் உறவினர்கள் வழியாகவே நாடு நாடாகப் பரவியது. அந்த நாணயத்தின் விலையை நிறுவனமே நிர்ணயித்தது. விலை ஏறியதாகக் கணக்கில் காட்டியது. ஆனால் உண்மையான பிளாக்செயின் அதற்கு இருக்கவில்லை. விற்றுப் பணமாக்க வெளிச்சந்தையும் இருக்கவில்லை. அதன் நிறுவனர் ரூஜா இக்னதோவா 2017 அக்டோபரில் மாயமானார். 2022இல் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தான் மிகவும் தேடும் பத்துப் பேரின் பட்டியலில் அவரைச் சேர்த்தது. அவருடைய கூட்டாளிக்கு 2023இல் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. மக்கள் இழந்தது 4 பில்லியன் அமெரிக்க டாலருக்கும் மேல்.

படித்தவர்கள் ஏமாறமாட்டார்கள் என்றும் எண்ண வேண்டாம். எஃப்டிஎக்ஸ் என்ற பெரிய கிரிப்டோ சந்தை 2022 நவம்பரில் நொடித்தபோது, வாடிக்கையாளர்களின் திரையில் தெரிந்த தொகை அங்கே இல்லை என்பது வெளிவந்தது. சிங்கப்பூரின் தெமாசெக் நிறுவனமே அதில் போட்டிருந்த 275 மில்லியன் அமெரிக்க டாலர் முதலீட்டை இழப்பாக எழுதித் தள்ள நேர்ந்தது. அதன் தலைவருக்கு 2024இல் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அடையாளம் காண்பது எப்படி?

பெயர்கள் மாறினாலும் அடையாளங்கள் மாறுவதில்லை.

ஒன்று: நிச்சயமான லாபம். பிட்காயினின் விலையே ஒரே நாளில் ஏறி இறங்கக்கூடியது. அப்படியிருக்க, தினமும் இத்தனை விழுக்காடு உறுதி என்பவர் பொய் சொல்கிறார்.

இரண்டு: பிரமுகர் முகம். 2023 டிசம்பரில், அப்போதைய சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியன் லூங் கிரிப்டோ முதலீட்டைப் புகழ்வது போன்ற காணொளி ஒன்று பரவியது. அது செயற்கை நுண்ணறிவால் செய்த போலி என்று அவரே மக்களை எச்சரித்தார். கண்ணால் கண்டதும் பொய்யாகும் காலம் இது.

மூன்று: விளம்பரம். கிரிப்டோ சேவைகளைப் பொதுமக்களிடம் விளம்பரப்படுத்தக் கூடாது என்று சிங்கப்பூர் நாணய ஆணையம் 2022 ஜனவரியில் நெறிமுறை வெளியிட்டது. ஆகவே ஃபேஸ்புக்கிலோ டெலிகிராமிலோ நம்மைத் தேடி வரும் விளம்பரமே ஓர் எச்சரிக்கை மணி.

நான்கு: இரகசியச் சொற்கள். கிரிப்டோ பணப்பையைத் திறக்கும் சாவி, பெரும்பாலும் 12 அல்லது 24 சொற்களின் வரிசையாக இருக்கும். அதைக் கேட்பவர் எந்த நிறுவனத்தின் பெயரைச் சொன்னாலும் திருடர்தான்.

ஐந்து: பணம் எடுக்கப் பணம் கேட்பது. இந்த ஓர் அடையாளமே போதும். இதைக் கேட்டவுடன் நிறுத்திவிட வேண்டும்.

தெரிந்தவர் சொல்கிறார் என்பதற்காகவும் நம்பிவிட முடியாது. அவரும் ஏமாந்துகொண்டிருப்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

எங்கே விசாரிப்பது?

சிங்கப்பூரில் உரிமம் பெற்ற நிறுவனங்களின் விவரத்தையும், முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலையும் நாணய ஆணையத்தின் இணையத்தளத்தில் பார்க்கலாம். சந்தேகம் என்றால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணை அழைக்கலாம். மலேசியாவில் செக்யூரிட்டீஸ் கமிஷன் இத்தகைய பட்டியல்களை வெளியிடுகிறது. பணம் அனுப்பச் சொல்லும் வங்கிக் கணக்கு எண் ஏற்கெனவே புகாருக்கு உள்ளானதா என்பதைக் காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் சரிபார்க்கலாம்.

பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது. நாம் அனுப்பிய பணம் பல நேரங்களில் முதலில் ஒரு வங்கிக் கணக்கைத்தான் போய்ச் சேர்கிறது. அது கிரிப்டோவாக மாறி வெளியேறும் முன் முடக்க முடிந்தால் ஓரளவாவது மிஞ்சலாம். உடனே வங்கிக்குச் சொல்லிக் காவல்துறையில் புகார் செய்ய வேண்டும். மலேசியாவில் 997 என்ற எண்ணையும் அழைக்க வேண்டும். இழந்த பணத்தைக் கட்டணம் வாங்கி மீட்டுத் தருவதாக வருபவர்கள் இரண்டாம் முறை ஏமாற்ற வருபவர்கள்.

வெட்கப்பட வேண்டாம்

இந்த மோசடிக்குச் சீன மொழியில், பன்றியைக் கொழுக்கவைத்து வெட்டுவது என்ற பொருளில் ஒரு பெயர் உண்டு. பாதிக்கப்பட்டவர்களை இழிவுபடுத்தும் அந்தச் சொல்லைக் கைவிடுமாறு 2024 டிசம்பரில் இன்டர்போல் கேட்டுக்கொண்டது. அது சரியான வேண்டுகோள். ஏமாந்தவர் வெட்கத்தால் வாய்மூடி இருப்பதே மோசடிக்காரருக்குப் பாதுகாப்பு. மறுமுனையில் இனிக்க இனிக்க எழுதும் கைகூட அடிமைப்பட்ட கையாக இருக்கலாம். மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் சுமார் 100,000 பேரும் இத்தகைய மோசடி வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்டிருக்கலாம் என்று ஐக்கிய நாட்டு மனித உரிமை அலுவலகம் 2023இல் தெரிவித்தது.

வலையில் விழுந்தவர் எளிதில் ஒப்புக்கொள்ளமாட்டார் என்பதைச் சட்டமும் உணர்ந்திருக்கிறது. எவ்வளவு சொல்லியும் நம்ப மறுப்பவரின் வங்கிப் பரிமாற்றங்களைத் தற்காலிகமாகக் கட்டுப்படுத்தக் காவல்துறைக்கு அதிகாரம் தரும் சட்டம், சிங்கப்பூரில் 2025 ஜூலை முதல் நடப்பில் உள்ளது. ஆனால் அந்த நிலை வரும் முன்பே குடும்பம் தலையிடலாம். அப்பா கைப்பேசியை மறைத்து மறைத்துப் பார்க்கிறார் என்றால், அதட்டாமல் அருகில் உட்கார்ந்து கேளுங்கள். பெரியவர்களும், பெரிய தொகை எதையும் அனுப்பும் முன் வீட்டில் ஒருவரிடமாவது சொல்வது என்று வழக்கப்படுத்திக்கொள்ளுங்கள்.

திரையில் தெரிவது வெறும் எண். நம் கைக்குத் திரும்பி வரும் வரை அது பணம் ஆகாது. இந்த ஒன்றை நினைவில் வைத்தாலே போதும், பாடுபட்டுச் சேர்த்தது நம்மிடமே நிற்கும்.