மலக்குடல் புற்றுநோய்: ஒப்பரேஷனுக்கு முன்னால் கூச்சப்படாமல் கேளுங்கள்

மலக்குடலில் புற்றுநோய் என்று வைத்தியர் சொன்னதும் உயிர்ப் பயம் வருவது இயற்கை. அதற்கு அடுத்துவரும் பயத்தை மட்டும் நம் ஆட்கள் வாய் திறந்து சொல்வதில்லை. "வெட்டி எடுத்தா மூத்திரம் போறது கெட்டுப்போயிடுமாம், பொஞ்சாதியோட சேர முடியாதாம்" என்று பிரட்டுக் களத்தில் யாராவது சொல்லிவிட்டால் போதும். குறித்துக் கொடுத்த திகதிக்கு ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவர்கள் உண்டு. நோய் அவர்களுக்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே இம்முறை இதை வெளிப்படையாகவே எழுதுகிறோம்.

இந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மலக்குடல் பெருங்குடலின் கடைசிப் பகுதி, ஏறக்குறைய 15 சென்றிமீற்றர் நீளம். இடுப்பெலும்புக் கூட்டுக்குள் ஒடுங்கிய இடத்தில் இருக்கிறது. அதன் முன்னால் ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையும் புரஸ்டேட் சுரப்பியும், பெண்களுக்குக் கர்ப்பப்பையும் யோனியும். இரண்டு பக்கமும் நூல் போன்ற நரம்புகள். மேலேயிருந்து இறங்கிவரும் நரம்புகள் விந்து வெளியேறுவதையும், சிறுநீர் பைக்குள் தங்கி நிற்பதையும் கவனிக்கின்றன. முதுகெலும்பின் அடியிலிருந்து வரும் நரம்புகள் ஆண்குறி விறைப்பதற்கும், பெண்ணுக்கு ஈரம் சுரப்பதற்கும், சிறுநீர்ப்பை சுருங்கி முழுவதையும் வெளியேற்றுவதற்கும் வேண்டியவை. கான் வெட்டும்போது பக்கத்தில் ஓடும் தண்ணிப் பைப்பை வெட்டிவிட்டால் லயத்துக்குத் தண்ணீர் நின்றுபோகிறதல்லவா, அதுமாதிரிதான்.

முன்னைய காலத்தில் சத்திரசிகிச்சை நிபுணர்கள் கையாலேயே குடலைப் பிரித்து எடுத்தார்கள். நரம்பு அறுவது சாதாரணம். 1982இல் இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகரத்து வைத்தியர் பில் ஹீல்டும் அவருடைய கூட்டாளிகளும் வேறொரு முறையை எழுதி வெளியிட்டார்கள். மலக்குடலைச் சுற்றிக் கொழுப்பு உறை ஒன்று இருக்கிறது. நோய் முதலில் பரவுவது அதற்குள்தான். உறைக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே சிலந்திவலை மாதிரி மெல்லிய இடைவெளி உண்டு. அங்கே இரத்தம் அதிகம் வராது. அந்தக் கோட்டிலேயே, கண்ணால் பார்த்துக்கொண்டே கத்தி போனால் உறை கிழியாமல் முழுசாக வரும், நரம்புகளும் வெளியே தப்பி நிற்கும். நோயை முழுதாக எடுப்பதற்கும் நரம்பைக் காப்பதற்கும் ஒரே வழி! யப்பான் வைத்தியர்களும் 1980களிலேயே நரம்புகளைத் தேடிக் கண்டு காக்கும் முறையை வளர்த்தார்கள்.

கீஹோல் ஒப்பரேஷனில் வயிற்றில் சிறு துவாரங்கள் இட்டு, காபனீரொட்சைட்டு வாயுவால் வயிற்றை உப்ப வைத்து, கமராவை உள்ளே விடுகிறார்கள். திரையில் அந்த ஒடுங்கிய இடம் பெரிதாகத் தெரிகிறது. நரம்பும் தெரிகிறது. ஆனால் கீஹோல் என்றாலே நரம்பு தப்பும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பிரித்தானியாவில் நடந்த ஆய்வொன்று 2005இல் வெளிவந்தது: சிறுநீர் விஷயத்தில் வித்தியாசம் இல்லை, ஆண்களின் தாம்பத்திய நிலையோ கீஹோலில் சற்று மோசமாக இருக்கக்கூடும் என்றது. பல நாடுகளில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வு 2014இல் இரண்டு முறைக்கும் வித்தியாசம் காணவில்லை. எங்கள் அபிப்பிராயம், துவாரம் பெரிதா சிறிதா என்பதைவிடச் செய்பவரின் பழக்கமே பெரிது. சூட்டுக் கருவி நரம்புக்குக் கிட்டப் போனாலோ, குடலைப் பலமாக இழுத்தாலோ அறுக்காத நரம்பும் வாடிவிடும். கட்டி மலவாசலுக்குக் கிட்ட இருந்தால் ஆபத்து கூட. கதிர்ச் சிகிச்சையும் தன் பங்குக்குக் கெடுக்கும். நோய் நரம்பையே பிடித்திருந்தால் நரம்பையும் எடுக்கத்தான் வேண்டும். அங்கே உயிர்தான் முதல்.

ஆகவே கேளுங்கள்: "ஐயா, என்னுடைய கட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கு? நரம்பைக் காப்பாத்த முடியுமா? இந்த ஒப்பரேஷன் நீங்க நிறையச் செஞ்சிருக்கீங்களா?" இப்போது சிறுநீர் எப்படிப் போகிறது, தாம்பத்தியம் எப்படி என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சீனி வியாதி இருந்தால் அதுவும் முன்பே நரம்பைக் கெடுத்திருக்கும். பிள்ளை வேண்டும் என்பவர்கள் கதிர்ச் சிகிச்சை தொடங்குமுன் அதைச் சொல்ல வேண்டும்.

வன்னியில் இருக்கும் நம் சொந்தக்காரர்களுக்கு இன்னொன்று. 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டங்களை விட்டுக் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் குடியேறிய குடும்பங்கள் 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போய் அகப்பட்டன. அங்கே காயப்பட்டுத் தப்பிய பலருடைய உடம்பில் இன்றும் ஷெல் துண்டு இருக்கிறது. கட்டி எவ்வளவு பரவியது, நரம்புக்கு எவ்வளவு கிட்ட என்று பார்க்க எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பார்கள், அது பலமான காந்தம். இரும்புத் துண்டு அசையலாம், சூடாகலாம். பழைய காயம் ஆறிவிட்டதே என்று இருக்காமல் முன்கூட்டியே சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டு வைத்தியர்கள் முடிவெடுப்பார்கள். இடுப்பிலோ முதுகெலும்பிலோ காயப்பட்டிருந்தால் சிறுநீர் நரம்பு ஏற்கெனவே பழுதாகி இருக்கக்கூடும். அதையும் சொல்ல வேண்டும். முள்ளிவாய்க்காலில் உள்ளவர்கள் முதலில் மாஞ்சோலையில் உள்ள முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலையில் காட்டலாம். புற்றுநோய்ச் சிகிச்சை யாழ்ப்பாணம், தெல்லிப்பழை, மகரகம அரச வைத்தியசாலைகளில் உண்டு. காசு கட்டத் தேவையில்லை, பயணச் செலவுதான் பாரம்.

ஒப்பரேஷன் முடிந்ததும் சில நாள் சிறுநீர்க் குழாய் போட்டிருப்பார்கள். கழற்றிய பிறகு போகாவிட்டால் பயப்பட வேண்டாம், திரும்பப் போட்டுக் கொஞ்ச நாள் பொறுப்பார்கள். பெரும்பாலானோருக்கு வாரங்களில், மாதங்களில் சரியாகிவிடும். அடிவயிறு கல்லாகி வலித்தால் மட்டும் உடனே போங்கள். தாம்பத்தியம் திரும்ப ஆறு மாதம், ஒரு வருடம், அதற்கு மேலும் ஆகலாம். பெண்களிடம் இதை யாரும் கேட்பதே இல்லை; எரிவு, வலி இருந்தால் கிளினிக்கில் மிஸ்ஸிடமாவது சொல்லுங்கள், பூசும் மருந்து உண்டு. ஆண்களுக்கு சில்டெனாபில் மாத்திரை உதவலாம், ஆனால் கடையில் சொந்தமாக வாங்கிப் போடக் கூடாது: நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை பாவிப்பவர் இதைச் சேர்த்துப் போட்டால் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும்.