நாற்காலியும் கத்தியும்

கேலன், கி.பி. 129-இல் பெர்கமம் நகரில் பிறந்த கிரேக்க மருத்துவர். மனிதப் பிணத்தை அறுத்தறிய அன்றைய ரோமில் வழியில்லை. ஆகவே குரங்கையும் பன்றியையும் அறுத்தார். மனிதனும் அவ்வாறே என்று எழுதினார். கண்ணால் கண்டு தெளியச் சொன்னவரும் அவரே. அவரை நாம் குறை கூறவில்லை. பின்வந்தோர் செய்ததென்ன? கண்ணை மூடிக்கொண்டு ஏட்டைத் திறந்தனர்!

ஐரோப்பியப் பல்கலைக் கழகங்களில் பேராசிரியர் உயர்ந்த நாற்காலியில் அமர்ந்து கேலனைப் படிப்பார். கீழே நின்று பிணத்தை அறுப்பவர் நாவிதர். ஏடு ஒன்று சொல்லும்; உடல் வேறொன்று காட்டும். படித்தவர் குனிந்து பார்க்கவில்லை. பார்த்தவர் பேச்சோ அம்பலம் ஏறவில்லை.

கீழ்த்தாடையில் 2 எலும்புகள் என்றார் கேலன். 1200-ஆம் ஆண்டையொட்டி, எகிப்தில் குவிந்து கிடந்த எலும்புகளை எடுத்துப் பார்த்தார் பாக்தாத் அறிஞர் அப்துல் லத்தீப். எலும்பு ஒன்றே! கேலன் சொல்லைவிடக் கண் கண்டதே மெய் என்று துணிந்து எழுதினார்.

பதுவாவில் பேராசிரியர் வெசாலியஸ் நாற்காலியை விட்டிறங்கி, தாமே கத்தி பிடித்தார். கண்டதை 1543-இல் நூலாக்கினார். சீறினார் அவருடைய பாரிஸ் ஆசிரியர் சில்வியஸ்: கேலன் தவறவில்லையாம், மனித உடல்தான் மாறிவிட்டதாம்!

கேலனின் உண்மை வாரிசு யார்? ஏட்டைப் பூசித்தவரா, எலும்பைத் தொட்டவரா? நாம் கேட்கிறோம். கைவேலை இழிவென ஒதுங்கிய படிப்பு பன்னூறாண்டு குருடாய்க் கிடந்தது. கையும் கண்ணும் மூளையும் ஒன்றுசேர்ந்த அன்றுதான் மருத்துவம் எழுந்து நடந்தது. உழைக்கும் தோழர்களே, இதை மறவாதீர்!