சொன்ன உயரத்தில் நில்!

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி

விமானம் தரையை விட்டு எழுவதுதான் கடினம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். எழுந்த பின் வரும் சில நிமிடங்களிலும் விமானிகளுக்கு ஓயாத வேலை உண்டு. சக்கரங்களை உள்ளே இழுக்க வேண்டும். குறித்த திசையில் திரும்ப வேண்டும். வானொலியில் ஒரு நிலையத்தை விட்டு அடுத்த நிலையத்தை அழைக்க வேண்டும். இவற்றுக்கு நடுவே, "இந்த உயரம் வரை ஏறுக" என்ற கட்டளையும் காதில் விழும்.

அந்த எல்லை எதற்கு? அதற்கு 1,000 அடி மேலே வேறொரு விமானம் எதிரே வந்துகொண்டிருக்கலாம். நிமிடத்திற்கு 2,000 அடி ஏறும் விமானம் அந்த இடைவெளியை அரை நிமிடத்தில் கடந்துவிடும். ஒற்றைச் சடை பின்னி முடிக்கும் நேரங்கூட இல்லை!

1996 நவம்பர் 12 அன்று நிகழ்ந்ததைக் கேளுங்கள். டில்லியிலிருந்து புறப்பட்ட சவூதி விமானத்திற்கு 14,000 அடியும், டில்லியில் இறங்க வந்த கசகஸ்தான் விமானத்திற்கு 15,000 அடியும் கொடுக்கப்பட்டிருந்தன. புறப்பட்ட விமானம் தன் உயரத்தில் நின்றது. மற்றதோ 15,000 அடிக்கும் கீழே இறங்கிவிட்டது. அதில் கட்டுப்பாட்டு நிலையத்துடன் பேசிவந்த வானொலியாளருக்குத் தனி உயரமானி இல்லை. விமானிகளின் கருவியை எட்டிப் பார்த்தே உயரத்தை அறிய வேண்டும். அரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே இரண்டும் மோதி 349 பேர் மாண்டனர்.

உயரமானி நாடாவால் அளப்பதில்லை. காற்றழுத்தத்தை அளந்தே உயரத்தைக் காட்டுகிறது. கீழே பறக்கும்போது அவ்வூரின் அழுத்தத்தை அதில் வைத்திருப்பார்கள். குறித்த உயரம் தாண்டியதும் எல்லா விமானங்களும் 1013 மில்லிபாருக்கு மாற்ற வேண்டும். ஊரின் அழுத்தம் 993 ஆக இருந்து, ஒரு விமானி மாற்ற மறந்தால், மற்றவர்களின் கணக்கிலிருந்து 500 அடிக்கு மேல் விலகிவிடுவார். 1,000 அடி இடைவெளியில் பாதி போயிற்று!

தேர்ந்த விமானிகள் எப்படி மறக்கிறார்கள்? பெரும்பாலும் அற்பமான ஏதோ ஒன்று அவர்கள் கவனத்தைப் பிடித்துக்கொள்கிறது. 1972 டிசம்பர் 29 இரவு, அமெரிக்காவின் மயாமி நகரில் இறங்க வந்த ஈஸ்டர்ன் நிறுவன விமானத்தில், முன்சக்கரத்திற்குரிய சிறு விளக்கு எரியவில்லை. இறங்குவதை நிறுத்தி, 2,000 அடிக்கு ஏறி, தானியங்கிக் கருவியிடம் விமானத்தை ஒப்படைத்துவிட்டு எல்லோரும் விளக்கை ஆராய்ந்தனர். திசைத்தண்டின் மேல் பட்ட சிறு அழுத்தத்தால் அக்கருவி உயரத்தைக் காப்பதை விட்டதாக விசாரணையில் கருதப்பட்டது. எச்சரிக்கை மணி ஒலித்தது. அதைக் கவனிக்க ஒருவருமில்லை. விமானம் மெல்ல இறங்கிச் சதுப்பு நிலத்தில் விழுந்தது. 101 உயிர்கள்! பல்பு கருகியிருந்தது, அவ்வளவே. சக்கரத்தில் ஒரு குறையும் இல்லை.

1974 செப்டம்பரில் அதே நாட்டின் சார்லட் நகரில் மற்றொரு விமானம் தரையில் மோதியது. பனிமூட்டத்தில் இறங்கும் வேளையில் விமானிகள் அரசியலும் பழைய கார் விற்பனையும் பேசிவந்தது, ஒலிப்பதிவில் தெரிந்தது.

இத்தகைய விபத்துகளின் பின், 1981-இல் அமெரிக்க அரசு ஒரு விதி செய்தது. ஏறும்போதும் இறங்கும்போதும், 10,000 அடிக்குக் கீழே விமானி அறையில் வேலைக்கு வேண்டாத பேச்சு கூடாது, உணவு கூடாது, பத்திரிகை படிப்பதும் கூடாது. நம் விடுதித் தோழியருக்கு இது புதிதன்று. இரவுப் படிப்பு நேரத்து மௌனந்தான்!

கட்டளை வந்தால் ஒருவர் அதை வானொலியில் திருப்பிச் சொல்வார். அந்த எண்ணைக் கருவியில் வைத்ததும் இருவரும் பார்த்து உறுதி செய்வார்கள். சொன்ன உயரத்திற்கு இன்னும் 1,000 அடி இருக்கும்போது ஒருவர் அதை உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர் தம் உயரமானியைப் பார்த்துவிட்டே பதில் சொல்ல வேண்டும்.