நாளெல்லாம் ஆடுவோரும் நாளெல்லாம் உழைப்போரும்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ரயிலேறிச் சென்னைக்கு வேலைக்குப் போகும் தோழர்களுக்குக் கிண்டி புதிய ஊரல்ல. நிற்க இடமின்றி நெருக்கியடித்துச் செல்லும் அந்த ரயில் கிண்டியைக் கடக்கிறது. நிலையத்துக்கு அருகே பரந்து கிடக்கிறது குதிரைப் பந்தயத் திடல். அதற்குள்ளேதான் இருந்தது கோல்ஃப் மைதானம்!

"சீமான்கள் பந்தடித்தால் நமக்கென்ன?" என்று கேட்பீர்கள். பந்து அவர்களுடையது, நிலம் யாருடையது? அரசு நிலம் 160.86 ஏக்கரை, 1946 ஏப்ரல் முதல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பந்தயச் சங்கம் பெற்றது. ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 அணா! ஏக்கருக்கு நான்கு ரூபாய்கூட இல்லை. ஓலைக் குடிசைக்கும் ஒழுங்காக வாடகை கட்டும் உழைப்பாளி இதை எண்ணிப் பார்க்கட்டும்.

2024 செப்டம்பரில் தமிழக அரசு, வாடகைப் பாக்கி 730 கோடி ரூபாய்க்கு மேல் என்று கூறிக் குத்தகையை ரத்து செய்தது. திடலுக்குப் பூட்டுப் போட்டது. 118 ஏக்கரைப் பூங்காவுக்கென ஒதுக்கியது. வழக்கும் நீதிமன்றம் ஏறியது.

ஆனால் தோழர்களே, வாசல் திறந்தால் மட்டும் போதுமா? உள்ளே இடம் கிடைக்க வேண்டாமா? வெளிநாடுகளில் சாமானியரும் காசு கொடுத்து ஆடும் சிறு மைதானங்கள் உண்டு. அவற்றில் சில, "ஒருமுறை கட்டணம் கட்டு, நாள் முழுதும் ஆடு" என்கின்றன. கேட்க இனிக்கிறது, கணக்குப் போட்டால் கசக்கிறது.

ஒன்பது குழி மைதானத்தில் ஒரு சுற்றுக்கு இரண்டு மணி நேரம் என்று கொள்வோம். பத்து நிமிடத்துக்கு ஓர் அணி, அணிக்கு நால்வர். இரண்டு மணியில் 12 அணிகள், 48 பேர். அதற்குள் முதல் அணி சுற்றி வந்து மறுபடி முதல் குழிக்கு நிற்கும்! அனைவரும் இப்படியே சுற்றினால் 48 பேரோடு மைதானம் அடைபட்டுப் போகும். ஆளுக்கொரு சுற்று என்றாலோ, காலை ஆறு முதல் மாலை நான்கு வரை 240 பேர் ஆடத் தொடங்கலாம். ஒரு டீயை வாங்கிவிட்டு நாளெல்லாம் பெஞ்சை விடாதவனால் கடைக்காரருக்கும் நட்டம், களைத்து வருபவருக்கும் நட்டம் என்பது நாம் அறியாததா?

நாள் முழுதும் ஆட யாருக்கு நேரம் இருக்கிறது? ஓய்வே தொழிலாகக் கொண்டவருக்கு! ஒரே கட்டணம் சமத்துவம் போலத் தோன்றும். பொழுது இல்லாதவனின் பங்கைப் பொழுது உள்ளவனுக்குத் தாரை வார்க்கும்.

கோல்ஃபின் தாயகமான ஸ்காட்லாந்திலே செயின்ட் ஆண்ட்ரூஸ் என்றொரு ஊர். அங்குள்ள புகழ்பெற்ற பழைய மைதானம் பொதுச் சொத்து. 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அறக்கட்டளை அதை நடத்துகிறது. ஆடும் முறைக்குக் குலுக்கல் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் நிறுத்தப்பட்டு, ஊர் மக்கள் உலாவும் பூங்காவாகிவிடுகிறது. அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

எனவே நாம் கேட்பது இதுதான். கிண்டியாயினும், விழுப்புரமாயினும், திண்டிவனமாயினும், பொது நிலத்தில் அமையும் திடலில் முறைக்குத்தான் கட்டணம் இருக்க வேண்டும். முறை முடிந்தவர் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். மாலை நேரமும் ஞாயிறும் உழைப்பவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்பட வேண்டும். நிலத்தைப் பங்கிடுவதோடு நில்லாமல், நேரத்தையும் பங்கிடுவோம்!