சும்மா கிடக்கும் அலைக்கற்றை

கிடங்கு வாடகையைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. வருடம் முழுவதற்கும் வாடகை கட்டிவிட்டு, மிளகாய் சீசனில் மட்டும் மூட்டை அடுக்குகிறவர் உண்டு. மற்ற மாதங்களில் பூட்டுதான் தொங்கும். பக்கத்திலேயே ஒருவர் பருப்பு மூட்டைக்கு இடமில்லாமல் வாசலில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருப்பார். அலைக்கற்றையிலும் வெகுகாலமாக இதே கதைதான்.

அலைக்கற்றை என்றதும் நம்மவருக்கு 2ஜி வழக்குதான் ஞாபகம் வரும். அந்த அரசியல் இங்கே வேண்டாம். நம் கல்லாவில் இருக்கும் செல்போனும், பணம் வந்துவிட்டது என்று குரல் கொடுக்கும் சிறு பெட்டியும் ரேடியோ அலையை நம்பித்தான் ஓடுகின்றன. ஒரே இடத்தில், ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் இரண்டு பேர் புகுந்தால் இருவர் காரியமும் கெடும். ஆகவே அரசாங்கம் அதைத் துண்டு போட்டு, இன்னாருக்கு இன்னது என்று கொடுத்துவிடுகிறது. வாங்கியவர் உபயோகித்தாலும் சரி, பூட்டி வைத்தாலும் சரி, மற்றவர் தொடக்கூடாது.

இந்தப் பூட்டைத் திறந்து பார்த்தவர்கள் அமெரிக்கர்கள். அங்கே 3550 மெகாஹெர்ட்ஸ் முதல் 3700 வரையுள்ள 150 மெகாஹெர்ட்ஸில் பெரும்பகுதி கடற்படை ராடாருக்கு உரியது. விமானந்தாங்கிக் கப்பல் கடலில்தானே போகும்? அதுவும் ஒரே துறைமுகத்தில் நிரந்தரமாக நிற்காது. உள்நாட்டில் பெரும்பாலான ஊர்களில் அந்த அலைவரிசை காலியாகவே கிடந்தது. கடற்படையை வெளியேற்றவும் முடியாது. எனவே அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் 2015-ல் ஒரு புது ஏற்பாடு செய்தது. முழு அளவில் அது வியாபாரத்துக்கு வந்தது 2020 ஜனவரியில்.

ஏற்பாடு இதுதான். முதல் உரிமை கடற்படைக்கு. இரண்டாவது, ஏலத்தில் எடுத்தவருக்கு. அதுவும் ஓர் ஊரில் 70 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஏலத்துக்கு விடுவதில்லை. ஒருவரே 40-க்கு மேல் எடுக்கவும் முடியாது. மூன்றாவது, ஏலத்துக்கே போகாத சாதாரண ஆள். அவர் அலைக்கற்றைக்கென்று காசு கட்ட வேண்டாம். கருவியைப் பதிவு செய்துகொண்டால் போதும். ஏலம் எடுத்தவர் ஓர் இடத்தில் தம் பங்கை உபயோகிக்காமல் வைத்திருந்தால், அதுவும் அந்த இடத்தில் இந்த மூன்றாம் ஆளுக்குத்தான். என்னைக் கேட்டால் ஏற்பாட்டின் உயிரே இங்கேதான் இருக்கிறது. பணம் கட்டினேன், பூட்டி வைப்பேன் என்ற பேச்சு அங்கே செல்லாது.

இத்தனை பேரையும் மேய்ப்பது யார்? ஒரு கம்ப்யூட்டர் கணக்கப்பிள்ளை. கூகுள், ஃபெடரேட்டட் வயர்லெஸ் போன்ற கம்பெனிகள் அனுமதி பெற்று இதை நடத்துகின்றன. ஒவ்வொரு கருவியும் இந்தக் கணக்கப்பிள்ளையிடம் கேட்டுத்தான் அலை அனுப்பலாம். பிறகும் அடிக்கடி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கடற்கரையோரம் உணர்கருவிகள் காவல் இருக்கின்றன. கப்பல் ராடார் தெரிந்ததும் தகவல் போகும். நிறுத்து என்று உத்தரவு வந்த 60 விநாடிக்குள் கருவி விலகவேண்டும். வேறு இடம் காலி இருந்தால் அங்கே மாற்றிவிடுவார்கள். கப்பல் எங்கே நிற்கிறது என்பது மட்டும் வெளியே கசியக்கூடாது என்பதும் விதி. நம் குடோன்காரர்கள் இவ்வளவு சுருக்காகக் காலி செய்து கொடுத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

2020-ல் நடந்த ஏலத்தில் மொத்தம் 458 கோடி டாலர் வசூலாயிற்று. வெரைசான் என்ற பெரிய டெலிபோன் கம்பெனி மட்டும் சுமார் 189 கோடி கொட்டியது. ஆனால் அதே ஏலத்தில், டிராக்டர் செய்யும் ஜான் டியர் கம்பெனி தன் தொழிற்சாலைகள் உள்ள ஐந்து மாவட்டங்களுக்கு மட்டும் ஐந்தரை லட்சம் டாலர் அளவிலேயே எடுத்துக்கொண்டது. நாடு முழுவதற்கும் ஏலம் என்றால் அந்தக் கம்பெனி பக்கத்தில் வந்திருக்குமா? மூட்டைக்கணக்கில் மட்டும் விற்காமல் கிலோக்கணக்கிலும் விற்றதால்தான் சின்ன ஆளும் வாங்க முடிந்தது.

குறை இல்லாமலில்லை. காசில்லாமல் வருகிறவருக்குப் பாதுகாப்பும் இல்லை. ஓரிடத்தில் கூட்டம் சேர்ந்தால் அவர்களுக்குள் இடைஞ்சல்தான். உணர்கருவிக்கு அருகில் இருப்பவர்கள் அது கேட்பதற்காகத் தங்கள் அலையை அடக்கி வாசிக்க வேண்டியிருக்கிறது. போதாததற்கு, இன்னும் அதிக சக்தியில் அலை அனுப்ப அனுமதி கேட்கிறார்கள் பெரிய கம்பெனிகள். அதைக் கொடுக்கலாமா என்று ஆணையம் 2024-ல் கருத்துக் கேட்டது. அப்படிக் கொடுத்தால் எங்கள் குரல் அமுங்கிவிடும் என்பது சின்னவர்கள் கட்சி. சந்தையில் பெரிய கடைக்காரர் ஒலிபெருக்கி கட்டினால் கூடைக்காரி கூவுவது யாருக்குக் கேட்கும்?

இது வெளிநாட்டுச் சங்கதிதானே என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். நம் நாட்டின் 2023-ஆம் வருடத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 7-வது பிரிவைப் பாருங்கள். ஒருவருக்குக் கொடுத்த அலைக்கற்றையின் ஒரு பகுதியை, அவருக்கு இடைஞ்சல் வராதபடி இன்னொருவருக்கும் மத்திய அரசு கொடுக்கலாம். தக்க காரணமின்றி உபயோகிக்காமல் கிடந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். 2024 ஜூலையில் இந்தப் பிரிவு அமலுக்கு வந்தது. அந்த இரண்டாவது ஆள் யார், எவ்வளவு சிறிய பரப்புக்குக் கேட்கலாம், கட்டணம் என்ன என்பதெல்லாம் அரசு வகுக்கும் நிபந்தனையில் இருக்கிறது. மாவட்ட அளவிலோ மார்க்கெட் அளவிலோ கேட்க வழி இருந்தால் ஒரு மொத்த மார்க்கெட் சங்கமும் மனுப் போடலாம். மாநில அளவில்தான் என்றால், முன்பு வாங்கிய அதே இரண்டு மூன்று பேர்தான் மறுபடியும் வந்து நிற்பார்கள்.